பாதியில் நின்ற வீடு



நான் அறபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் எமது உஸ்தாத் ஒருவர் சுலைமான் அல்-புஸ்தானியின் பெயரை அடிக்கடி சொல்வார். லெபனானைச் சேர்ந்த இந்தக் கிறிஸ்தவ அறிஞர், ஹோமரின் இலியட் காவியத்தை அறபுக் கவிதையாக மொழிபெயர்த்து 1904இல் கெய்ரோவில் வெளியிட்டார். கிரேக்கரின் வைத்தியத்தையும் கணிதத்தையும் அறபுக்குக் கொண்டு வந்த பக்தாத் அறிஞர்கள், அவர்களது தெய்வக் கதைகள் நிறைந்த இந்தக் காவியத்தைத் தொடவில்லை. அந்தத் தெய்வங்கள் எமக்கும் தேவையில்லை. ஆனால் அதில் வரும் மனிதர்களைப் பற்றிப் பேசலாம் என்பது எனது அபிப்பிராயம். இம்மாதம் அப்படி ஒருவனைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அவன் மனைவியைப் பற்றியும் எழுதுகிறேன்.

காவியத்தின் இரண்டாம் பாகத்தில் ட்ரோய் நகருக்குப் படையெடுத்த கப்பல்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. வாசிப்பவர்கள் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகும் பகுதி. அங்கேதான் புரோட்டெசிலாஸ் வருகிறான். தெசலி நாட்டின் பிலாக்கே என்ற ஊரிலிருந்து 40 கப்பல்களோடு வந்தவன். கிரேக்கரில் எல்லோருக்கும் முன்பாகக் கரையில் குதித்தான். குதித்த இடத்திலேயே எதிரி ஒருவனால் கொல்லப்பட்டான். ஹோமர் கதையைத் தொடங்கும்போதே அவன் மண்ணுக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவனைப் பற்றிச் சொல்ல வேறு வீரச்செயல் எதுவும் இல்லை. ஆகவே கவிஞர் அவனது ஊருக்குத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே கன்னங்களைக் கீறிக்கொண்டு அழும் ஒரு மனைவி. கட்டி முடியாத ஒரு வீடு. அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட ஹோமர் சொல்லவில்லை.

கட்டி முடியாத வீடு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரைக்குக் காத்திருக்கும் வீடு ஒன்றாவது இல்லாத ஊர் எமது நாட்டில் எங்கே இருக்கிறது? கன்னத்தைக் கீறி ஒப்பாரி வைப்பது ஜாஹிலிய்யாக் கால அறபிகளிடமும் இருந்த வழக்கம். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள், கண்ணீரைத் தடுக்கவில்லை. தமது மகன் இப்றாஹீம் மௌத்தானபோது அவர்களே கண்ணீர் விட்டார்கள்.

பின்வந்த கவிஞர்கள் ஹோமர் விட்ட இடத்தை நிரப்பத் தொடங்கினார்கள். முதலில் கரையில் கால் வைப்பவன் சாவான் என்று குறி சொல்லப்பட்டிருந்ததாம். மனைவிக்கு லாவோதாமியா என்று பெயர் வைத்தார்கள். வேறொரு பழைய காவியத்தில் அவள் பொலிதோரா. ரோமக் கவிஞர் ஓவிட், அவள் கணவனுக்கு எழுதிய கடிதமாக ஒரு கவிதை பாடினார். உங்கள் கப்பல் கடைசியாகக் கரைசேரட்டும் என்பதே அதில் அவளது மன்றாட்டம். இறந்த கணவன் மூன்று மணி நேரம் மட்டும் திரும்பி வந்தான் என்றும், அவள் அவனைப் போல ஓர் உருவம் செய்து வைத்திருந்தாள், தகப்பன் அதை எரித்தபோது தானும் நெருப்பில் விழுந்தாள் என்றும் கதை வளர்ந்தது. எனக்கு இந்தச் சோடனைகளில் மனம் ஒட்டவில்லை. அந்தப் பாதி வீடு போதும்.

வீடு என்ற சொல் அவனை இறந்த பின்பும் விடவில்லை. ட்ரோய்க்கு எதிர்க்கரையில், கலிப்பொலி தீபகற்பத்தின் தென்முனையில் எலயஸ் என்ற ஊர் இருந்தது. அவனது கப்றும் அதைச் சூழ்ந்த கோயிலும் அங்கே இருந்ததாகக் கிரேக்கர் நம்பினர். கப்றின் மேல் நின்ற மரங்கள் ட்ரோய் தெரியும் உயரத்துக்கு வளர்ந்ததும் கருகி, மீண்டும் துளிர்க்கும் என்றொரு கதையும் உலவியது. பாரசீக அதிகாரி ஆர்ட்டாயக்டீஸ் தன் அரசரிடம், உங்கள் நாட்டின் மீது படையெடுத்துச் செத்த கிரேக்கன் ஒருவனின் வீடு இங்கே இருக்கிறது, அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டான். அரசர் கொடுத்தார். அதிகாரியோ அங்கிருந்த பொன்னையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு நிலத்தை உழுதான்.

இதைச் சொல்பவர் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கி.மு. 479இல் தொடங்கிய போரில் ஏதென்ஸ் படை ஆர்ட்டாயக்டீஸைப் பிடித்தது. காவலாளி நெருப்பில் சுட்ட கருவாடு, அப்போதுதான் பிடித்த மீன் போலத் துள்ளியதாம். செத்துக் கருவாடாகிப் போனாலும் புரோட்டெசிலாஸுக்கு என்னைத் தண்டிக்கும் சக்தி இருக்கிறது என்று அவன் நடுங்கினான். பெரும் பணம் தருவதாகச் சொல்லியும் விடவில்லை. பலகையில் அறைந்தார்கள்; அவன் கண்முன்னே மகனைக் கல்லெறிந்து கொன்றார்கள். மகன் செய்த பிழை என்னவென்று ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை.

கி.மு. 334இல் அலெக்சாந்தர் ஆசியாவுக்குக் கடல் கடக்குமுன் அந்தக் கப்றடியில் பலி கொடுத்தான், தன் கரையிறக்கமாவது நல்லபடியாக முடியட்டும் என்று.

இனி எமக்கு நெருங்கிய காலம். 1915 ஏப்ரல் 25ஆம் திகதி பிரித்தானியப் படைகள் உஸ்மானியரை எதிர்த்து அதே கலிப்பொலியில் கரையிறங்கின. பின்னர் அங்கு நிலைகொண்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் பதுங்குகுழி வெட்டியபோது எலயஸ் ஊரின் பழைய மையவாடி வெளிப்பட்டது. இலியட்டை அறபாக்கிய புஸ்தானி அதற்குள் உஸ்மானிய அரசில் அமைச்சராகியிருந்தார். யுத்தத்தில் இறங்கக் கூடாது என்று வாதிட்டு, அது எடுபடாமல் 1914இல் பதவியை விட்டு விலகினார். அந்தப் பகுதியிலேயே 1960இல் துருக்கியர் தமது ஷஹீதுகளுக்காக எழுப்பிய பெரிய நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது.

இதை மத்ரஸாவில் சொன்னபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "உஸ்தாத், அந்த வீட்டை முடித்துக் கொடுக்க அவருக்குத் தம்பி, நானா யாரும் இல்லையா?"

தம்பி ஒருவன் இருந்தான். பெயர் பொடார்க்கீஸ். அண்ணன் விழுந்ததும் அந்த 40 கப்பல்களுக்கும் அவனே தலைவனானான். பிற்காலக் காவியம் ஒன்றின்படி அவனும் ஊர் திரும்பவில்லை.