வெற்றியின் வரவும் செலவும்

1998-ஆம் ஆண்டு ஜூலை 6. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப் போட்டியில் நான்கு நாள் ஆட்டம் முடிந்தும் இருவர் சமநிலையில் நின்றதால், ஐந்தாவது நாளாகக் கூடுதல் ஆட்டம் நடந்தது. பதினெட்டாவது குழிக்கான ஆட்டத்தில் தென் கொரியாவின் பாக் சே ரி அடித்த பந்து குளக்கரைப் புல்லில் சிக்கியது. ஓர் அடியை அபராதமாக ஏற்றுக்கொண்டு பந்தை வேறிடத்தில் வைத்து ஆட விதி இடமளித்தது. இருபது வயதான அவரோ காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் பந்தைக் கரையேற்றினார். இருபதாவது குழியில் வெற்றி அவர் வசமானது.

அந்தக் காட்சியைத் தென் கொரியா இன்றளவும் மறக்காமலிருப்பதற்குக் காரணம் விளையாட்டு மட்டுமல்ல. பெருங்குழுமங்களும் வங்கிகளும் வாங்கிக் குவித்த குறுகிய காலக் கடன்களால் அந்நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கி, 1997 நவம்பரில் பன்னாட்டு நிதியத்தின் கதவைத் தட்டியிருந்தது. 1998-இல் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. முந்தைய ஆண்டில் 3 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வேலையின்மை 7 விழுக்காட்டை எட்டியது. நாட்டின் கடனை அடைக்க, சாதாரணக் குடும்பங்கள் திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் நகைகளையும் வரிசையில் நின்று கொடுத்தன. அவ்வாறு திரண்ட தங்கம் 200 டன்னுக்கும் அதிகம். வெயிலில் கறுத்த கால்களும், காலுறைக்குள் மறைந்திருந்த வெண்ணிறப் பாதங்களுமாக ஒரு பெண் தண்ணீரில் நின்ற காட்சி, அந்த மக்களுக்குத் தங்கள் உழைப்பின் உருவமாகவே தோன்றியது. தொலைக்காட்சியில் அது மக்களுக்கு ஊக்கமூட்டும் விளம்பரமாகவும் ஒளிபரப்பானது.

ஒரு வீராங்கனையின் வெற்றி அயல்கடனை அடைத்துவிடாது. நாணய மதிப்பு சரிந்ததால் பெருகிய ஏற்றுமதியும், வலி மிகுந்த மறுசீரமைப்புமே நாட்டை மீட்டன. 2001 ஆகஸ்டில், குறித்த காலத்துக்கு முன்பே நிதியத்தின் கடன் அடைக்கப்பட்டது. பாக் சே ரியின் வெற்றி செய்தது வேறொன்று. பொருளியலாளர்கள் சமிக்ஞை என்று குறிப்பிடுவதை அது பெற்றோருக்கு அனுப்பியது. மகளின் கையில் கோல்ஃப் மட்டையைக் கொடுப்பதும் ஒரு முதலீடுதான் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்று முடிவு செய்தன.

விளைச்சல் பத்தாண்டில் கண்கூடானது. அந்த ஆட்டத்தைச் சிறுமியாகக் கண்டு கோல்ஃப் பழகத் தொடங்கிய பாக் இன் பீ, 2008-இல் 19 வயதில் அதே கோப்பையை வென்று, மிக இளம் வயதில் அதை வென்றவர் என்ற பாக் சே ரியின் சாதனையை முறியடித்தார். 2010-இல் ஷின் ஜி யாய் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் ஆசியப் பெண்ணானார். 2011 முதல் 2020 வரையிலான பத்து அமெரிக்க மகளிர் ஓபன் போட்டிகளில் ஏழில் கொரியப் பெண்களே வாகை சூடினர்.

இதனை ஒரு நாயகியின் அற்புதமாக மட்டும் கொண்டாடுவோர் கணக்கேட்டின் மறுபக்கத்தைப் புரட்டுவதில்லை. பாக் சே ரிக்குப் பின்னால் சாம்சங் நிறுவனத்தின் பணம் இருந்தது. அவரைப் பின்தொடர்ந்த சிறுமிகளில் பலருக்கு அத்தகைய புரவலர் இல்லை. பயிற்சிக்கும் பயணத்துக்கும் குடும்பமே முதல் போட்டது. பாக் இன் பீ பன்னிரண்டு வயதிலேயே அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தார். ஷின் ஜி யாயின் தாய் 2003-இல் விபத்தில் இறந்தபோது, காப்பீட்டுப் பணத்தில் கடன் போக மிஞ்சியதைத் தந்தை மகளின் கோல்ஃபுக்கே செலவிட்டார். அந்த முதலீடு வென்றது என்பதால் நமக்குத் தெரிகிறது. வெல்லாமல் போன முதலீடுகளின் கணக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

வெற்றி பெற்ற பிறகும் பாதை சமமாக இருக்கவில்லை. 2008 ஆகஸ்டில், ஆங்கிலத்தில் பேசத் தெரியாத வீராங்கனைகளை இடைநீக்கம் செய்யும் விதியொன்றை அமெரிக்க மகளிர் தொழில்முறை கோல்ஃப் சங்கம் அறிவித்தது. சுற்றில் இருந்த அயல்நாட்டினரில் கொரியர்களே மிகப் பெரிய அணியாக இருந்த காலம் அது. வணிகத்தில் சுங்கவரியின்றியே இறக்குமதியைத் தடுக்கப் பல வழிகள் உண்டு. அந்த விதி அவற்றையே நினைவூட்டியது. கடும் எதிர்ப்பு எழவே, சில வாரங்களில் அது கைவிடப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாயகி செலுத்திய விலை இருக்கிறது. 1998-இன் இறுதியில் தாயகம் திரும்பிய பாக் சே ரி, வரவேற்பு நிகழ்ச்சிகளால் களைத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2004-இல் புகழ்க்கூடத்துக்குத் தேவையான புள்ளிகளை எட்டிய கையோடு ஆட்டம் சரிந்தது. 2005-இல் ஒரு பட்டம்கூட இல்லை. 2006-இல் மீண்டெழுந்து ஐந்தாவது பெரும் பட்டத்தை வென்றார். அமெரிக்கச் சுற்றில் 25 வெற்றிகளைக் குவித்த அவர், 2016-இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பாக் இன் பீ தங்கம் வென்றபோது கொரிய மகளிர் அணியின் பயிற்றுநர் அவரே. ஆனால் 2024 ஜூனில் நாடு அவரைக் கண்ணீரோடு பார்த்தது. தமது அறக்கட்டளையின் முத்திரையைப் போலியாகப் பயன்படுத்தியதாகத் தந்தை மீது புகார் அளிக்கப்பட்டதைப் பற்றிப் பேச வந்த அவர், தந்தையின் கடன்களை நெடுங்காலமாகத் தாமே அடைத்துவந்ததையும், இனி அந்தப் பொறுப்பை ஏற்க இயலாது என்பதையும் செய்தியாளர்களிடம் தெரிவித்தார்.

அதனைத் தனியொரு குடும்பத்தின் பிணக்காக மட்டும் கருதிக் கடந்துவிட முடியாது. ஒரு பிள்ளையின் திறமையில் குடும்பம் தன் சேமிப்பு முழுவதையும் போடும் இடத்தில், அன்பும் முதலீடும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. அந்த முதலீட்டின் பலனுக்கு எல்லை எது என்று வகுத்துச் சொல்ல அங்கே எவரும் இருப்பதில்லை.

கோப்பை வந்தால் அது நாட்டின் பெருமை. தோல்வியும் கடனும் காயமும் வந்தால் அவை வீட்டின் சுமை. இலாபத்தைப் பொதுவாக்கி நட்டத்தைத் தனியாரிடம் விடும் இந்த ஏற்பாடு நியாயமானது அன்று. பொது மைதானங்கள், திறமையை இனங்கண்டு பொதுப்பணத்தில் தரும் பயிற்சி, வெல்லாதவர்களுக்கும் கல்வியும் மாற்றுத் தொழிலும் ஆகியவற்றில் செலவிட முன்வரும் நாட்டுக்குத்தான் வெற்றி மேடையில் உரிமை கொண்டாடும் தகுதி உண்டு.