ரெண்டு மைக்குக்குள்ள காமன் கூத்து அடங்காது

மாசி அமாவாசை கழிஞ்சா ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றிருவாங்க. அதுக்குப் பிறகு நம்ம வயசுப் பிள்ளைகள் எல்லாரும் செய்யிற வேலை ஒண்ணுதான்: போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கிறது. அந்த வீடியோவை அடுத்த நாள் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்க. தப்பு கேட்கும். தப்பு மட்டும்தான் கேட்கும். மன்மதன் எரிஞ்ச பிறகு ரதி அழுது பாடுகிற இடம்தான் கூத்தின் உயிர். அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பது சத்தத்துக்குள்ள அமுங்கிப் போயிருக்கும்.

மடக்கும்புரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை நம்ம மக்களின் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வச்சார். அவர் இல்லாட்டி அந்தச் சொற்களில் பாதி இன்றைக்கு இல்லை. ஆனா தாளில் ராகம் ஏறாது. பெரட்டுத் தப்புக்கும் காமன் தப்புக்கும் சாவுத் தப்புக்கும் அடி வேற வேற என்பதை எந்த எழுத்தும் கேட்கவைக்காது. அந்த அடியெல்லாம் தெரிஞ்சவங்க பெரும்பாலும் அறுபது தாண்டினவங்க. அதனால இதை வெறும் பொழுதுபோக்கு விசயமா நாங்க பார்க்கவில்லை.

இப்ப லயத்துக் காம்பராவிலேயே ராப் பாட்டு, பக்திப் பாட்டு பதிவு செய்யிற பிள்ளைகள் இருக்காங்க. ஒரு லேப்டொப், ரெண்டு மைக் போடக்கூடிய ஒரு இன்டர்பேஸ், ஒரு கொண்டென்சர் மைக். அவங்ககிட்ட கூத்தைப் பதியலாமா என்று கேட்டா, "ரெண்டு இன்புட்டுதான் இருக்கு, ஒரு மிக்சர் எடுப்போம்" என்பாங்க. இதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. சாதாரண மிக்சர் எட்டு மைக்கையும் கலந்து ரெண்டாக்கித்தான் கணினிக்குள் அனுப்பும். அந்த ராத்திரி தப்பு ஓங்கி, ரதி தாழ்ந்து கலந்துட்டா, பிறகு யாராலும் பிரிக்க முடியாது. யார் குரல் மேல நிற்கணும் என்பதை மிக்சர் பக்கத்தில் நின்றவர் ஒருத்தரே தீர்மானிச்சு முடிச்சிருப்பார். தனித்தனி டிராக்காக இருந்தா, கூத்து வாத்தியாரை உட்காரவச்சு, "இது சரியா ஐயா?" என்று கேட்டுக் கேட்டுக் கலக்கலாம்.

இன்னொரு யோசனையும் வரும்: "ரெண்டு பேர்ட இன்டர்பேஸையும் ரெண்டு லேப்டொப்பில் போட்டுப் பிறகு சேர்ப்போம்." ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுது. ரெண்டுக்கும் மில்லியனில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிசெக்கன் விலகிரும். தப்பில் ஒரு அடி ரெண்டு அடியாக் கேட்கும். விடிய விடிய நடக்கிற கூத்துக்கு இது ஆகாது.

வழி பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கு. சில இன்டர்பேஸ்களில் சின்னதா ஒரு சதுர ஓட்டை, மூடி போட்டு இருக்கும். அதுக்குப் பேர் ஏடாட். 1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் கம்பனி தன்னுடைய எட்டு டிராக் டேப் ரெக்கோர்டருக்காகக் கொண்டுவந்தது. டேப் மெசின் போயிருச்சு, ஓட்டை மட்டும் நிலைச்சிருச்சு. ஒரேயொரு ஒளிக்கேபிளில் 48 கிலோஹேர்ட்சில் எட்டுச் சனல் போகும். 96க்கு ஏத்தினா நாலுதான். கூத்துக்கு 48 தாராளம். ஓடியன்ட் ஐடி14 மாதிரி ரெண்டு மைக் பெட்டியில்கூட இந்த ஓட்டை இருக்கு. பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 மாதிரி எட்டு மைக் பிரீஅம்ப் ஒன்றை அதில் மாட்டினா மொத்தம் பத்து. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 வச்சிருக்கிறவங்க மன்னிக்கணும், அதில் டிஜிட்டல் வாசலே இல்லை. டிவியிலும் இதே மாதிரி ஓட்டை இருக்கே என்று ஏமாறவும் வேணாம். அது வேற மொழி பேசும், ரெண்டு சனல்தான்.

பிரீஅம்பின் அவுட்டில் இருந்து இன்டர்பேஸின் இன்னுக்குக் கேபிள். பிறகு ரெண்டில் ஒருத்தர்தான் கங்காணி. ஒரே கேபிள் என்றா பிரீஅம்ப் தன் சொந்தக் கடிகாரத்தில் 48இல் ஓடணும். இன்டர்பேஸின் செட்டிங்கில் கிளொக்கை ஏடாட் என்று மாத்தணும். ரெண்டும் தன் பாட்டுக்கு ஓடினா பதிவில் டிக் டிக்கென்று வெடிக்கும். அந்தக் கேபிளில் மின்சாரம் இல்லை, வெளிச்சம்தான் போகுது. எர்த் ஒழுங்கா இல்லாத லய வயரிங்கில், இந்த ரெண்டு பெட்டிக்கும் நடுவில் அந்த "ம்ம்" இரைச்சல் பிறக்காது. ஆனா ஐந்து மீற்றருக்குள் வச்சுக்கங்க, மடிக்க வேணாம்.

காசுதான் சிக்கல். அந்த எட்டு மைக் பெட்டி வெளிநாட்டு விலையிலேயே 200 டொலரைத் தாண்டும், கிட்டத்தட்ட 60,000 ரூபாய். 2024இல் கூட்டின சம்பளம் அப்ப நாளுக்கு 1,350ஆ இருந்துச்சு. அந்தக் கணக்கில் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு 25 நாள் பேர் விழுந்திருந்தாலும் 33,750தான் வந்திருக்கும். இதை ஒரு வீட்டுப் பிள்ளையிட்ட வாங்கச் சொல்றது நியாயமே இல்லை. வருசத்தில் சில வாரம் கூத்துக்கு, மிச்ச நாள் அலுமாரியில். ஆக நாலஞ்சு தோட்டத்து இளைஞர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுத்தவிடணும். 2023இல் மலையகம் 200க்குத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடக்க முடிஞ்ச சமூகத்துக்கு ஒரு பெட்டியைப் பங்குபோட முடியாதா என்ன?

பத்துச் சனல் வந்தா எல்லாம் சரியாகிரும் என்று நாங்க சொல்லல. ஆட்டக்காரர் சுத்திச் சுத்தி வருவார், மைக் நிற்கிற இடத்திலேயே நிற்கும். தப்பு எல்லா மைக்கிலும் கொஞ்சம் ஒழுகும். அதனால நாங்க ரதி, மதன் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு வயர்லெஸ், பின்பாட்டுக்கு ரெண்டு, தப்புக்கு ரெண்டு, உருமிக்கு ஒன்று, சனத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கோம். பனியில் தோல் தளர்ந்து, தப்பை நெருப்பில் காய்ச்சுவாங்களே, அந்தச் சத்தமும் பேச்சும் பதிவில் இருக்கட்டும். வெட்டக் கூடாது.

பத்துச் சனல், 24 பிட், ஒரு மணித்தியாலத்துக்கு 5 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு ராத்திரிக்கு 50 ஜிபி என்று வைங்க. கலக்காத அந்த மூலப் பதிவை ரெண்டு ஹார்ட் டிஸ்கில் போடணும், ஒன்று நம்மகிட்ட, ஒன்று கூத்து வாத்தியார் வீட்டில். அவர்ட்ட கணினி இல்லாட்டியும் பரவாயில்லை. கேட்க வர்றவங்க அவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.