பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் வேலை



தாம்பரத்தில் நம்மிடம் ஓதிய மாணவி ஒருவரின் தாயார் அண்மையில் வந்து, "ஹஜ்ரத், வீடியோ பார்த்துக் குறிப்புப் போடும் வேலை மகளுக்குக் கிடைத்திருக்கிறது. இதெல்லாம் ஒரு வேலையா? அனுப்பலாமா?" என்று கேட்டார்கள்.

அவ்வேலை என்னவென்று முதலில் அறிவோம். கோப்பை, மேசை எனப் பொருள்களை அடையாளம் காணக் கணினி முன்னரே கற்றுவிட்டது. கோப்பை மேசைமேல் இருக்கிறதா, விளிம்பிலிருந்து சரிகிறதா என்று அசையும் காட்சியில் அறிவதுதான் அதற்குக் கடினம். இதைக் கற்பிக்க 2017இல் 'சம்திங் சம்திங்' என்னும் காணொளித் தொகுப்பு வெளிவந்தது. கொடுக்கப்பட்ட வாக்கியத்தைச் சாதாரண மக்கள் செய்துகாட்டிப் படமெடுத்து அனுப்பினர். அதன் இரண்டாம் பதிப்பில் 174 வகைச் செயல்கள், 2,20,847 காணொளிகள். ஒன்றை ஒன்றினுள் வைப்பது ஒரு வகை. வைப்பதுபோல் நடிப்பது வேறொரு வகை. கையும் பொருளும் ஒன்றே. நடந்தது மட்டும் வேறு.

வேறு தொகுப்புகளில், எடுத்து முடித்த காட்சியைப் பார்த்து, எது எதன் பின்னால், எது எதை நோக்கி என மனிதரே குறிக்கின்றனர். அந்த மாணவிக்குக் கிடைத்தது இப்பணிதான். தானே ஓடும் வாகனங்களுக்கும் இத்தகைய குறிப்புகளே பாடம். ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கும் பேருந்தின் பின்னிருந்து ஒரு சிறுவன் வெளிப்படும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

ஒரு குறிப்புத் தவறினால் என்ன என்று தோன்றலாம். எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்றால் அவசரம் எவரையும் தொற்றும். ஊகங்கள் குவியும், இயந்திரம் அவற்றையே உண்மையெனக் கொள்ளும். மார்க்கத்தில் சாட்சியத்தை மறைப்பதும் திரிப்பதும் பாவம். காணாததைக் கண்டதாகக் குறிப்பதும் அதைச் சார்ந்ததே என்பது நம் கருத்து.

எனவே அந்தத் தாயாரிடம் அனுப்புங்கள் என்றோம். தையல் தொழிலுக்குப் பெயர்பெற்ற கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில், ஐமெரிட் நிறுவனத்தின் மையத்தில் முஸ்லிம் பெண்கள் இப்பணியைச் செய்து வந்துள்ளனர். ஆனால் மூன்றைக் கேட்டறியச் சொன்னோம். கூலி எழுத்தில் உண்டா? தெளிவற்ற காட்சியைத் 'தெரியவில்லை' எனக் குறிக்க அனுமதி உண்டா? பிறர் அந்தரங்கத்தை வேவு பார்க்கும் காட்சிகள் அதில் உண்டா?

பதில்கள் சரியாக இருந்தால் அது ஹலாலான சம்பாத்தியம். கூடவே ஓர் அமானிதம். நம் பெண்மக்கள் அதைப் பேணிக் காக்க அல்லாஹ் அருள்புரிவானாக.