காவலாளியின் கைவிளக்கும் துப்பாக்கியின் செவ்வொளியும்

கைத்துப்பாக்கியின் குழலடியில் பொருத்திக்கொள்ளும் சிறு விளக்குகளும், குறி பார்ப்பதற்கென்று சிவப்பு அல்லது பச்சைப் புள்ளியொன்றை எதிரே பாய்ச்சும் லேசர் கருவிகளும் மேல்நாடுகளில் நெடுநாளாகப் பெரும் வியாபாரப் பொருள்களாக விளங்கி வருவதும், அவற்றின் மகிமையைப் பேசும் படக்காட்சிகள் கைபேசி வழியே நம்மூர் வாலிபர்களின் கண்களுக்கு நித்தமும் விருந்தாவதும் பலரும் அறிந்த விஷயம். தண்டலத்தில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை விரிந்து, இரவென்றும் பகலென்றும் பேதமின்றி இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் இத்தொழிற்பிரதேசத்தில், ஆயிரக்கணக்கான காவலாளிகள் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். ஆதலின், விளக்குக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவு எத்தகையதாய் இருக்கவேண்டும் என்னும் கேள்வி நமக்கு அந்நியமானதன்று. விளக்கு காவலாளியின் கையில் இருக்கட்டும், துப்பாக்கியின் மீது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். லேசரோ அவனுக்கு அறவே அவசியமில்லை.

முதலில் நம் நாட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரமாயின் காவல் ஆணையரிடமோ உரிமம் பெறாமல் எவரும் துப்பாக்கி வைத்துக்கொள்ள இயலாது; 2019இல் வந்த திருத்தத்திற்குப் பின் ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சாமானியருக்கு விலக்கப்பட்டது. கான்பூரில் செய்யப்படும் 0.32 ரிவால்வரும், இஷாப்பூரில் செய்யப்படும் அதே அளவுள்ள பிஸ்டலுமே உரிமம் பெற்றோர் கைக்குப் பெரும்பாலும் எட்டுபவை. உரிமம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்த பின்பும், தேர்தல் அறிவிப்பு வந்த மாத்திரத்தில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. மேல்நாட்டுப் பிஸ்டல்களில் விளக்கு மாட்டுவதற்கென்றே குழலடியில் வெட்டப்பட்டிருக்கும் 'ரெயில்' என்ற பள்ளம் நம் பழைய பாணி ரிவால்வரில் கிடையாது. அதில் எதையேனும் கம்பியும் கவ்வியுமாகக் கட்டிவைப்பது, விசையருகே விரலுக்கு இடையூறு செய்து, விளக்கில்லாமையைவிடப் பெரிய அபாயத்தை வரவழைப்பதாகும்.

இனி அக்கருவிகளின் குணத்தைப் பார்ப்போம். லேசர் புள்ளி விழுந்த இடத்தில் குண்டும் விழும் என்று திரைப்படங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. உண்மையில் லேசர் கதிர் நேர்கோட்டில் செல்கிறது. குண்டோ மெல்லிய வில்போல் வளைந்து செல்கிறது. அன்றியும் லேசர் குழலுக்குச் சற்றுக் கீழே அமைவதால், கதிரின் பாதையும் குண்டின் பாதையும் முன்கூட்டிச் சரிசெய்து வைத்த தூரத்தில்தான் பொருந்தும். அதற்கு அப்பாலும் இப்பாலும் சிறிதேனும் விலகும். மனிதக் கண்ணுக்குப் பச்சை நிறமே மிகுதியும் எடுப்பாகத் தெரியும் இயல்புடையதாதலால், ஒரே வலிமையுள்ள சிவப்பைவிடப் பச்சைப் புள்ளி பிரகாசமாய்த் தோன்றும் என்பது மெய்யே. ஆயினும் சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையோரத்து வெண்சுவரின் மீது அந்தப் பச்சைப் புள்ளியைத் தேடுகிறவன், குறியை விட்டுப் புள்ளியைத் தேடுவதிலேயே தன் கவனத்தைச் செலவழிப்பான். துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகப் பயில்வோர்க்கு உலகப் போட்டிகளில் லேசர் குறிகாட்டி அனுமதிக்கப்படுவதே இல்லை. கையின் நடுக்கத்தை அடக்குவதும் மூச்சை நிதானிப்பதும் விசையை மெதுவாக அழுத்துவதுமே அங்கே வித்தை. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானில் மட்டும் 2012 லண்டன் ஒலிம்பிக் முதல் லேசர் பிஸ்டல் பயன்படுகிறது. அங்கே அது குண்டுக்குத் துணையாக வரவில்லை, குண்டையே அகற்றிவிட்டு அதன் ஸ்தானத்தில் அமர்ந்திருக்கிறது! லேசருக்கு நான் மனமார ஆசி கூறும் துப்பாக்கி இவ்வொன்றுதான்.

விளக்கின் விஷயம் வேறு. இருளில் ஆளை அடையாளம் காண வெளிச்சம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் விளக்கு துப்பாக்கியோடு ஒட்டியிருக்குமானால், ஒருவர் முகத்தைப் பார்க்க விரும்பும்போதெல்லாம் அவர் மார்புக்கு நேரே குழலை நீட்ட வேண்டியதாகிறது. வந்தவர் திருடனா, வேலை முடிந்து குறுக்கு வழியில் வரும் தொழிலாளியா என்று அறிவதற்கு முன்பே, சுடுவதற்கான பாதி முயற்சி நடந்து முடிந்துவிடுகிறது. சுடத் துணியாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே என்பது ஆயுதப் பயிற்சியின் ஆதி பாடம். குழலில் விளக்கைப் பொருத்துவது அப்பாடத்தை ஒவ்வோர் இரவும் மீறும்படி மனிதனைப் பழக்குகிறது. கதவை உடைத்து உள்ளே புகும் கமாண்டோ படையினருக்கு இரு கைகளும் ஆயுதத்தில் இருக்கவேண்டிய நிர்ப்பந்தமும், அதற்கேற்ற இடைவிடாத பயிற்சியும் உண்டு. அவர்கள் விஷயத்தில் இந்த ஆட்சேபம் பொருந்தாது.

வெளிச்சமிருந்தும் பார்க்காமற் போவதன் கதி என்ன என்பதற்கு நம் நீதிமன்ற ஏடுகளிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒரிசாவில் ராஸ்கோவிந்தபூர் என்னுமிடத்தில், கைவிடப்பட்ட பழைய விமானத்தளம் ஒன்றில் கிடந்த உலோகக் கழிவுகளை வாங்குவதற்காக, 1958ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து ஒரு வியாபாரியும் அவருடைய நேபாளி வேலையாளும் வந்தார்கள். அவ்விடத்தில் பேய் உலவுவதாக ஊரார் பேச்சு. நள்ளிரவில் அவ்வழியே நடந்து வந்தபோது, தூரத்தில் ஒரு வெளிச்சம் மினுக்கி அசைவதும், அதைச் சுற்றிச் சில உருவங்கள் ஆடுவதும் தென்பட, அந்த வேலையாள் குக்ரிக் கத்தியை உருவிக்கொண்டு ஓடிச் சரமாரியாக வெட்டினான். வெட்டுண்டவர்கள் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு மரத்தடியில் இலுப்பைப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த பழங்குடிப் பெண்கள். ஒருத்தி இறந்தாள்; மற்றவர்கள் படுகாயமுற்றார்கள். கையில் டார்ச்சு இருந்தும் அதை அடித்துப் பார்க்கவில்லையே என்று அரசுத் தரப்பு வாதித்தது. பேயென்றே மனப்பூர்வமாக நம்பியவன் இன்னும் சற்று ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம் என்பதற்காக அவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பை மறுக்க முடியாதென்று ஒரிசா உயர்நீதிமன்றம் அவன் விடுதலையை உறுதி செய்தது. ராம் பகதூர் தாபா வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் அத்தீர்ப்பின் நியாயத்தில் எனக்குத் தர்க்கமில்லை. ஆனால் எல்லா நீதிபதியும் அவ்வளவு தயையுடன் பார்ப்பார் என்று எந்தக் காவலாளியும் நம்பியிருக்கலாகாது. இன்று நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், தற்காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்ய ஒருவருக்கும் உரிமை தரவில்லை. வேண்டிய அளவு எவ்வளவு என்று நிதானிக்க, எதிரே நிற்பவர் யாரென்று தெரிய வேண்டாமா?

இத்தனையும் சொன்னபின், நம் காவலாளியின் கையைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. இங்கே நள்ளிரவு ஷிப்ட் மாறும் வேளையில், கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டி நிற்க, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, ஒரு கையில் பதிவேடும் மறு கையில் பேனாவுமாக, தன் சொந்தச் செல்போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கி, அதன் வெளிச்சத்தில் வண்டி எண்ணை எழுதுவதைக் காணலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மனிதர் அவர். தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005இல் வந்தது. அதன் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணியும் களத்தில் 60 மணியும் பயிற்சி வேண்டுமென்றன. பயிற்சி பெற்றவர் கைக்கு ஒரு நல்ல டார்ச்சு லைட் கொடுக்க மட்டும் நிர்வாகங்களுக்கு மனம் வருவதில்லை. முன்னாளில் தெருவில் விசிலூதி வந்த கூர்க்காவின் கையில்கூட மூன்று கட்டை டார்ச்சு ஒன்று இருந்தது.

டார்ச்சு வாங்குகிற அதிகாரிகள் அட்டைப்பெட்டியின் மீது பெரிதாய் அச்சிட்டிருக்கும் லூமென் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். லூமென் என்பது மொத்த ஒளியின் அளவு. அது ஓரிடத்தில் குவிகிறதா, சிதறிப் போகிறதா என்பதை அது சொல்லாது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும். ஆகவே மதில் நெடுகச் சுற்றி வருபவருக்குக் குவிந்த ஒளியும், கேட்டிலே நிற்பவருக்குப் பரந்த மென்மையான ஒளியும் தேவை. வெள்ளையடித்த சிறு அறைக்குள் மிதமிஞ்சிய ஒளி பாய்ச்சினால், அது சுவரில் பட்டுத் திரும்பி அடித்தவர் கண்ணையே கூசச் செய்யும். இருளுக்குப் பழகிய கண் அப்பழக்கத்தை இழந்துவிட்டால், முழுமையாக மீள அரை மணி நேரம்கூட ஆகும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் ததும்பும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தாலும் பழுதாகாததும், பெட்டிக்கடையில் கிடைக்கும் மின்கலத்தில் எரிவதுமே நமக்கு ஏற்றது.

ஆயுதம் தாங்கிய காவலர் இங்கே அரிது, ஏ.டி.எம். பணவண்டியோடு இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டி வருபவரே பெரும்பாலும் நம் கண்ணில் படுகிறார். அவர் துப்பாக்கிக்கு விளக்கு மாட்டலாமா என்று யோசிக்கும் நிறுவனம், அதற்குமுன் வண்டி நிற்கும் இடத்தில் தெருவிளக்கு எரிகிறதா என்று பார்க்கட்டும், ஏ.டி.எம். வாசலில் வெளிச்சத்தை அதிகமாக்கட்டும். துப்பாக்கி ஏந்தாத துணையாள் கையில் ஒரு டார்ச்சு கொடுக்கட்டும். காவல் ஒப்பந்தங்களில் சீருடையும் பூட்ஸும் தொப்பியும் உருப்படி உருப்படியாய் எழுதப்படுகின்றன. அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, ஆளுக்கொரு டார்ச்சு, மாதமொருமுறை மின்கலம், ஷிப்ட் மாறும்போது எரித்துப் பார்த்துக் கையெழுத்து என்று மூன்று வரிகளைச் சேர்க்கும்படி இப்பிரதேசத்துத் தொழிற்சாலை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.