அந்த ஒரு வருஷம் யாருடையது?

என் மகளுக்கு வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. அதற்கான தவணை மாசா மாசம் ஐந்தாம் தேதி என் கணக்கிலிருந்து போகிறது. ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. பொருள் வீட்டில் இல்லை, பணம் மட்டும் போகிறது. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை மாசமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவள் நான். பேண்டேஜ் துணி நெய்கிறோம். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தபோது, லேப்டாப் இல்லாமல் முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து முன்பணம் கட்டினேன். மீதிக்குத் தவணை. 48,000 ரூபாய். அவ்வளவு விலையில் ஒரு பொருள் எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன்னால் வந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் வாங்கினோம். பெட்டியைப் பிரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தொட்டு வைத்துத்தான் பிள்ளை கையில் கொடுத்தேன்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாள்தான். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போனது. உள்ளே ஃபேன் மட்டும் இரைகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துத் திரும்பப் போட்டால் கம்பெனிப் பெயர் வரும், சின்ன வட்டம் ஒன்று சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி கறுப்பு. ராத்திரி பூராவும் உட்கார்ந்து எழுதியது எல்லாம் போச்சு. பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறாள். நான் என்ன செய்வேன்? தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியும். இதை எங்கே தொடுவது?

கடைக்குப் போனோம். "விற்றதோட எங்க வேலை முடிஞ்சதுக்கா, இனி கம்பெனி நம்பருக்குத்தான் பேசணும்" என்றார் கடைத் தம்பி. வாங்க வந்த அன்றைக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து, "எது வந்தாலும் நாங்க இருக்கோம்க்கா" என்று சொன்ன அதே தம்பி.

கம்பெனி நம்பருக்குப் பேசினோம். அணைத்துப் போடச் சொன்னார்கள். என்னென்னவோ அழுத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். ஆள் அனுப்புங்கள் என்றால், "உங்க பின்கோடுக்கு வீட்டுக்கு வர்ற சர்வீஸ் கிடையாது மேடம், மதுரைக்குக் கொண்டு போங்க" என்கிறார்கள். விற்கும்போது எங்கள் ஊருக்கு வழி தெரிந்ததல்லவா? ராஜபாளையத்தில் ஷோரூம் போடத் தெரிந்தவர்களுக்கு, ரிப்பேர் பார்க்க ஓர் ஆளைப் போடத் தெரியாதா?

ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஒவ்வொரு ஊராக பஸ் நின்று நின்று போகும். லேப்டாப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போய்வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. மதர்போர்டு போய்விட்டது, பார்ட்ஸ் வரணும், பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால் ஸ்டாக் இல்லை. அப்புறம் கேட்டால் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அப்புறம் போனையே எடுக்கவில்லை. தீபாவளி போனது. ஒருவழியாகக் கைக்கு வந்தது. கார்த்திகை முடிவதற்குள் அதே கறுப்புத் திரை. மறுபடி மதுரை. மறுபடி பார்ட்ஸ். பொங்கலும் போனது.

இதற்கு நடுவில் என் போனுக்கு ஒரு மெசேஜ். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' லேப்டாப் அவர்கள் அலமாரியில் இருக்கிறது, புகார் தீர்ந்துவிட்டதாம்! கணக்கு முடித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக யார் கையால் முடித்தீர்கள் அதை? எதிரே உட்கார்ந்து சீட்டு எழுதுகிற பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் சம்பளத்துக்கு வந்தவன், மேலே இருந்து சொன்னதைச் சொல்கிறான். அந்த மேலே இருக்கிறவர்களைத்தான் கேட்கிறேன்.

கடைசியாகச் சொன்னார்களே ஒன்று, அதுதான் என்னைக் கொன்றது. "உள்ளே ஈரம் பட்டிருக்கு. வாரண்டியில வராது. 22,000 ரூபாய் கட்டினா மாத்தித் தருவோம்." ஈரமா? வாங்கி வைக்கும்போது அவர்களே எழுதிக் கொடுத்த சீட்டு என் கையில் இருக்கிறது. கீறல் இல்லை, உடைசல் இல்லை, தண்ணீர் பட்ட தடம் இல்லை என்று கட்டம் கட்டமாக டிக் அடித்து, சீல் வைத்து, என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்ததைவிட அவர்களிடம் கிடந்ததுதான் அதிகம். இப்போது குற்றம் என் பிள்ளைமேல்.

அன்றைக்கு ராத்திரி அவள், "விடும்மா, அலையாத. நான் போன்லயே பாத்துக்கிறேன்" என்றாள். உள்ளங்கை அகலத் திரையில் புரோகிராம் எழுதுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு புள்ளி தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கூடப் படிக்கிறவள் தூங்கின பிறகு அவள் மெஷினை இரவல் வாங்கி அசைன்மென்ட் முடிக்கிறாள். இன்டர்னல் மார்க் குறைந்துவிட்டது. அந்த மார்க்கை எந்தப் பார்ட்ஸ் போட்டுத் திருப்பித் தருவீர்கள்?

நான் நெய்கிற துணி புண்ணின்மேல் வைத்துக் கட்டுகிற துணி. இழை விட்டுப் போயிருந்தால் அன்றைக்கே திரும்பி வரும், என் கூலியில் பிடிப்பார்கள். 'பெங்களூரிலிருந்து நூல் வரணும்' என்று நான் சொல்ல முடியுமா? மீட்டருக்கு இத்தனை என்று கூலி வாங்குகிற எனக்கு இருக்கிற பொறுப்பு, கோடி கோடியாக விற்கிற உங்களுக்கு ஏன் இல்லை?

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது இதற்குத்தான். வாரண்டி ஒரு வருஷம். அந்த வருஷம், பொருள் உங்களிடம் கிடக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாற்றிப் போட்ட பாகத்துக்கும் அந்த வருஷத்தில் மிச்சம் இருக்கிற நாள் மட்டும்தான் என்று பேப்பரில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் எங்கள் கணக்கில் கழிகிறது. அடுத்த ஆடிப்பூரம் வந்தால் எல்லாம் முடிந்துவிடும். வேகமாகப் பார்த்துக் கொடுத்தால் உங்களுக்குச் செலவு, இழுத்தால் லாபம். அப்படியென்றால் ஏன் இழுக்க மாட்டீர்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்ததை மகள் படித்துக் காட்டினாள். அங்கே பழுதான பொருளை உத்தரவாதக் காலத்துக்குள் ரிப்பேருக்குக் கொடுத்தால், உத்தரவாதம் இன்னும் ஒரு வருஷம் நீள வேண்டுமாம். நம் ஜனங்கள் இத்தனை பேர் பிழைக்கப் போயிருக்கிற சிங்கப்பூரில் 2012 முதலே ஒரு சட்டம் இருக்கிறது. வாங்கின ஆறு மாசத்துக்குள் பழுது என்றால் விற்கும்போதே பழுதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே? பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022-இல் டெல்லியில் குழு போட்டார்கள், அந்த வருஷமே இணையதளமும் திறந்தார்கள். சத்திரப்பட்டிக்கு அதிலிருந்து என்ன வந்தது?

படிப்புக்கு லேப்டாப் வேண்டும் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டதுதானே? 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். 2025-26 பட்ஜெட்டில், கல்லூரிப் பிள்ளைகள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவோம் என்றார்கள். கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் மெஷின் போகிற ஊருக்கெல்லாம் அதைப் பழுது பார்க்கிற கையும் போக வேண்டாமா? வாங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேர் என் மகளைப் போல கறுப்புத் திரையோடு உட்காரப் போகிறார்கள்?

விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே போகப் போகிறேன். 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஈரம் பட்டதா இல்லையா என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சாதாரண வழக்கென்றால் மூன்று மாசத்திலும், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாசத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதினபடி எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிற வயசு எனக்கு இல்லை. வாய்தா வாங்க நீங்கள் பெரிய வக்கீல் வைப்பீர்கள். நான் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். நிற்பேன்.

நோட்டீஸ் கையில் கிடைத்தால் 30 நாளில் நீங்கள் பதில் போட வேண்டும். கேட்டால் இன்னும் 15 நாள், அதற்குமேல் கிடையாது. ஸ்டாக் இல்லை, பெங்களூரிலிருந்து வருகிறது என்று அங்கே சொல்ல முடியாது. நீங்கள் சீல் வைத்த சீட்டை அங்கே வைத்துத்தான் கேட்கப் போகிறேன். அந்த ஈரம் எப்போது பட்டது? யார் கையில் இருக்கும்போது பட்டது? என் பிள்ளையின் அந்த வருஷத்தில் எத்தனை மாசத்தை நீங்கள் வைத்திருந்தீர்கள், அதை எப்போது திருப்பித் தருவீர்கள்?