"திரும்பிடுச்சு, அவ்வளவுதான்" – இது யார் தீர்ப்பு?

மார்பகப் புற்றுநோய் ஒருமுறை குணமாகி மறுபடி வந்துவிட்டால் நம் தெருக்களில் ஒரே பேச்சுதான்: "திரும்பிடுச்சு, அவ்வளவுதான்." இதை மருத்துவத்தின் தீர்ப்பாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இதில் பாதிதான் மருத்துவம், மீதி பணம். எது எது என்று பிரித்துக் கேட்கும் உரிமை நோயாளிப் பெண்ணுக்கு உண்டு என்பதே என் வாதம்.

முரட்டு வகைகளில் முக்கியமானது டிரிபிள் நெகட்டிவ். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் அதில் இல்லை. எனவே ஹார்மோன் மாத்திரையும் பலிக்காது, டிராஸ்டுசுமாப் ஊசியும் பலிக்காது. மேலைநாடுகளைவிட இந்தியாவில் இதன் விகிதம் அதிகம். திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும்.

எங்கே திரும்பியிருக்கிறது என்பது முதல் கேள்வி. மார்பிலோ நெஞ்சுச்சுவரிலோ அக்குளிலோ மட்டும் வந்து, வேறெங்கும் பரவவில்லை என்றால், குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் மறுபடி வைத்தியம் நடக்க வேண்டும். அறுவை, முடிந்தால் கதிர்வீச்சு, பிறகு கீமோ. 2014இல் வெளியான 'காலர்' ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாதவர்களில் இப்படிக் கீமோ எடுத்தோரில் 67 சதவீதம் பேர் ஐந்தாண்டுகள் நோயின்றி இருந்தார்கள். எடுக்காதவர்களில் 35 சதவீதம். இங்கே 'அவ்வளவுதான்' என்பது பச்சைப் பொய்.

நுரையீரல், ஈரல் என்று பரவியிருந்தால் பொதுவாக வேரோடு அழிக்க முடியாது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அடக்கி வைக்கலாம், நாளை நீட்டலாம். அதற்குத் திரும்பிவந்த கட்டியிலிருந்து மறுபடி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஏற்பிகள் மாறியிருக்கலாம், மாறினால் மருந்தும் மாறும். பிடி-எல்1 போதிய அளவு இருந்தால் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப். பிறவியிலேயே பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருந்தால் ஓலாபரிப் மாத்திரை. கீமோவை மீறி வளர்ந்தால் சாசிடுசுமாப் கோவிடெக்கான். மூளைக்குப் பரவாதவர்களிடம் நடந்த ஆய்வில் இதன் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதம், வழக்கமான கீமோவில் 6.7 மாதம்.

"வாங்கவா போறோம், சோதனை எதுக்கு?" என்று கேட்பார்கள். சூது இங்கேதான். பிஆர்சிஏ கோளாறு உள்ளவர்களுக்குப் பழைய, விலை குறைந்த கார்போபிளாட்டினே நன்றாக வேலை செய்கிறது. 2018இல் வெளியான டிஎன்டி ஆய்வில் அவர்களில் 68 சதவீதம் பேருக்கு அது பலித்தது, டோசிடாக்சல் 33 சதவீதம் பேருக்குத்தான். ஆக, சோதனை காசுள்ளவனுக்கு மட்டுமானதல்ல.

என் அத்தைக்குத் திரும்பியபோது நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் மகனிடம் இங்கிலீஷில் பேசி முடித்துக்கொண்டார். "என்னப்பா சொல்றாரு, எம்மாரப் பத்தித்தானே பேசுறாரு?" என்று அத்தை கேட்டது. வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வைத்தியத்துக்கென்று செயினைக் கழற்றித் தரும் பெண்களுக்கு எந்த மருந்து, எத்தனை மாதம், எதற்காக என்று யாரும் சொல்லியிருப்பதில்லை.

கடன்பட்டாவது எல்லா ஊசியும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கீமோ போதும், வலியில்லாமல் வீட்டில் இருக்கிறேன் என்பதும் ஒரு தேர்வு. வலி நிவாரணம் கடைசி வாரத்துச் சடங்கல்ல, நோய் பரவியது தெரிந்த நாளிலிருந்தே தர வேண்டிய வைத்தியம். மார்ஃபின் மாத்திரை விலை அதிகமில்லை. ஆனால் அந்தத் தேர்வை அவள் செய்யட்டும், மருந்துக் கம்பெனியின் விலைப்பட்டியல் செய்யக் கூடாது.

விலை விதியல்ல. 2012இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியா கட்டாய உரிமம் வழங்கியபோது மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலை 8,880க்கு இறங்கியது. வேறு வகை மார்பகப் புற்றுநோய்க்கான ரிபோசிக்ளிப்புக்கும் அப்படிக் கேட்டு ஒரு பெண் கேரள உயர்நீதிமன்றம் போனார். வழக்கு முடியுமுன் 2022இல் இறந்துபோனார். அவர் கேட்டது பிச்சையல்ல, காப்புரிமைச் சட்டத்திலேயே உள்ள வழி. அதை நாம் கையிலெடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனைகள் இலவசமாகக் கிடைக்கவும் போராட வேண்டும்.

தோழர்களே, அதுவரை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்கள், அந்தப் பெண்ணை முன்னால் உட்காரவைத்து, தமிழில், நான்கு கேள்வி கேளுங்கள்: எங்கே திரும்பியிருக்கு? மறுபடி சோதிச்சீங்களா? இந்த மருந்து குணப்படுத்தவா, நாளைக் கூட்டவா? வலிக்கு என்ன தரப்போறீங்க?