குடியை விட நினைக்கும் சகோதரருக்கு நம் ஊரில் இடம் உண்டா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். யாருடைய பெயரும் இதில் இல்லை, கொமென்ட்டிலும் யாரும் பெயர் போட வேண்டாம்.

தில்லையடியில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் "அது ஹராம்" என்ற பதில் உடனே வரும். அதில் குடிக்கிறவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஹராம் என்று தெரிந்தும் விட முடியாமல் ஒளித்துக் குடிக்கிறவரிடம் அதையே திரும்பச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருடைய கேள்வி வேறு. விட வேண்டும், எங்கே போவது?

ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். முதலாம் பாடத்திலேயே தூங்கி விழும் பிள்ளை. பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் தனியாக வரும் உம்மா. "வாப்பாவுக்கு சுகமில்லை சேர்" என்ற ஒரே பதில். அந்த உம்மாமாருக்கும் எங்கே போவதென்று தெரியாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. "நோன்பு பிறந்ததும் ஒரேயடியாக விட்டுவிடுவேன்" என்று நிய்யத் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிய்யத். ஆனால் பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நோன்புக்கு முன்பே வைத்தியரைக் காணுங்கள். அரச வைத்தியசாலையில் செலவில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். கொழும்பு ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோவின் 'மெல் மெதுர' இருக்கிறது.

உடம்பு தெளிந்த பிறகுதான் பெரிய வேலை தொடங்குகிறது. திரும்பவும் அதே சந்தி, அதே கூட்டாளிமார். அங்கேதான் ஏ.ஏ. எனப்படும் அல்கஹொலிக்ஸ் அனொனிமஸ் கூட்டம் உதவுகிறது. கொழும்பில் அவை நடக்கின்றன. ஆனால் நம் ஊர் நாட்கூலிக்காரர் 4 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போய்வந்தால் அன்றைய கூலி இல்லை. ஒரு தடவை போகலாம். கிழமைக்குக் கிழமை?

கூட்டம் என்றதும் மேடை, ஒலிவாங்கி, பிரமுகர் உரை என்று நினைக்காதீர்கள். சில கதிரைகள், ஒரு மணித்தியாலம், சிலவேளை சற்றுக் கூட. கட்டணம் இல்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. பேச விரும்புகிறவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள். பேசாமல் கேட்டுவிட்டும் வரலாம். ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்குக் குடிக்காமல் இருப்பதுதான் கணக்கு. குடும்பத்தவருக்கு அல்-அனொன் என்று தனி அமைப்பு 1951 இலிருந்து இருக்கிறது.

இது தொடங்கிய விதம் நமக்குப் பாடம். 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் என்ற வியாபாரி, போன காரியம் தோற்று, ஹோட்டலில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். பக்கத்தில் மதுச்சாலை. உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, தன்னைப் போல இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பொப். அந்த ஊரில் அதற்கு முன் கூட்டம் எதுவும் இல்லை. அந்த இருவர்தான் கூட்டம்.

"அது கிறிஸ்தவர்களுடையதாச்சே" என்று சிலர் கேட்பார்கள். அதன் வேர் கிறிஸ்தவச் சூழலில்தான் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. அமெரிக்க முஸ்லிம்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. 1989 இல் பால்டிமோர் நகரில் 'மில்லதி இஸ்லாமி' என்று, அதே பன்னிரண்டு படிகளை நம் அகீதாவுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும், இன்ஷா அல்லாஹ்.

தடை மார்க்கத்தில் இல்லை, ஊர் வாயில் இருக்கிறது. குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒரு ஸஹாபியின் செய்தி புஹாரியில் வருகிறது. தண்டனை கிடைத்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைத் தடுத்தார்கள், அவர் அல்லாஹ்வையும் றஸூலையும் நேசிப்பவர் என்றார்கள். நம் ஊரிலோ ஒருவர் தவ்பாச் செய்து முன் ஸஃப்பில் நின்றாலும் பின்னால் முழங்கை இடிபடுகிறது. பிள்ளைக்கு வரன் பேசும்போது பழைய கதை எழும்புகிறது. இப்படியிருக்க யார் வாய் திறப்பார்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்குப் புத்தளத்து மக்கள் வீட்டையும் காணியையும் திறந்து விட்டார்கள். இப்போது கேட்பது ஓர் அறை மட்டும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், கிழமைக்கு ஒரு நாள். பள்ளிவாசல் முற்றத்தைக் கடந்து போகிற அறை வேண்டாம், எல்லார் கண்ணும் படும். டியூட்டரி வகுப்பறை போன்றது நல்லது, யார் எதற்குப் போகிறார் என்று தெரியாது. நடத்தப்போவது மௌலவியும் அல்ல, ஆசிரியரும் அல்ல. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும்தான். நாங்கள் திறப்பைக் கொடுத்து, தேநீர் வைத்துவிட்டு வெளியே போய்விடுவோம். (வாயை மூடிக்கொண்டு இருப்பது ஆசிரியர்களுக்குக் கஷ்டம்தான், முயற்சி செய்கிறோம்.) படம் எடுப்பதில்லை, முகநூலில் போடுவதில்லை, வருகைப் பதிவும் இல்லை.

அறை தரக்கூடியவர்கள், குடியை விட்டுச் சில காலம் ஆகி முதல் கதிரையில் உட்கார விரும்புகிறவர்கள், உள்பெட்டியில் எழுதுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் தொடங்கலாம்.